வரிசை மாறக்கூடாது

அருங்காட்சியகத்தின் வாசலில் நான்கு பேர் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். தெரியாதவர்கள் எப்படி நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அதுதான் சிக்கல். டிரம்ஸ்காரர் வானத்தைப் பார்த்தார். அவர் மனைவி, பாடுகிறவள், தரையைப் பார்த்தாள். மனைவியின் தம்பி, கீபோர்டு வாசிக்கிறவன், செருப்பு வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். டிரம்ஸ்காரரின் அக்கா மட்டும் கைப்பையிலிருந்து மிட்டாயை எடுத்து, பழக்க தோஷத்தில் மற்ற மூன்று பேருக்கும் நீட்டினாள்.

"தெரியாதவங்களுக்கு யாராவது மிட்டாய் குடுப்பாங்களா?" என்றார் டிரம்ஸ்காரர், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நல்ல மனசு இருந்தா குடுப்பாங்க. உனக்கு வேண்டாம்னா விடு," என்று அவரிடம் நீட்டியதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள் அக்கா.

நான்கு பேரும் ஒரே வீடு, ஒரே மெல்லிசைக் குழு. கல்யாண வரவேற்பு, கடைத் திறப்பு, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவருக்கு வழியனுப்பு என்று யார் கூப்பிட்டாலும் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சமீப காலமாக யாரும் கூப்பிடுவதில்லை. ஒரு ஸ்பீக்கரை வாடகைக்கு எடுத்து அதில் கைபேசியைச் சொருகிவிட்டால் போதும், அது சோறு கேட்காமல் பாடுகிறது. ஆனாலும் குழு என்றால் குழுதான், டிரம்ஸ்காரர் அதைக் கலைப்பது பற்றி யாரையும் பேசவிட்டதில்லை.

குழுவின் ஐந்தாவது ஆள் அவருடைய மகள். அவளுக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. பேச வரும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மைக்கைப் பிடித்து அறிவிப்பது அவள் வேலை. ஒருமுறை பெரிய டிரம் கழன்று உருண்டு, மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் காலடியில் போய் நின்றது. அது நிகழ்ச்சியில் ஒரு பகுதிதான் என்று கூட்டத்தையே நம்பவைத்து, அந்தப் பெரியவருக்குக் கைதட்டலும் வாங்கிக் கொடுத்தவள் அவள். பெரியவர் எழுந்து நின்று கும்பிடு போட்டார். டிரம்ஸ்காரருக்கு அன்று மகள் மேல் வந்த பெருமை இன்னும் இறங்கவில்லை.

அந்த மகள்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பா, மியூசியத்துல வேலைக்கு மனு போட்டிருக்கேன். வர்றவங்களுக்குச் சுத்திக் காட்டற வேலை."

"அங்க என்ன இருக்கு?"

"கீழ நவீன ஓவியம், சிற்பம். மாடியில பழைய இசைக்கருவிங்க."

"பழைய இசைக்கருவி நம்ம வேன்லயே இருக்கு. போய் அதைச் சுத்திக் காட்டு."

அவள் சிரிக்கவில்லை. "மேடையில நான் வாயைத் திறந்தாலே உங்க யாரோ ஒருத்தரோட தப்பை மறைக்கத்தான் திறக்கறேன். ஒரு நாளாவது எனக்குத் தெரிஞ்ச ஒண்ணை, எனக்காகப் பேசணும்ப்பா."

டிரம்ஸ்காரர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்குக் கோபம்தான் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது, அதை அவர் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. அவள் போய்விட்டால் குழு படுத்துவிடும். குழு கிடக்கட்டும், தன் கை தவறுகிற நேரத்தில் பக்கத்தில் அவள் குரல் இருக்காது.

மியூசியத்துக்காரர்கள் அவளை ஒரு நாள் வெள்ளோட்டம் பார்க்கக் கூப்பிட்டார்கள். நிஜப் பார்வையாளர்களை அவள் சுற்றிக் காட்ட வேண்டும், மேடம் என்று எல்லோரும் அழைக்கிற தலைமை அதிகாரி கூடவே நடந்து கவனிப்பார். ஆனால் வேலை நாளில் அந்த மியூசியத்துக்குள் காவலாளியையும் அவருடைய தூக்கத்தையும் தவிர வேறு ஒன்றும் இருக்காது. ஆகவே அவள் குடும்பத்தையே பார்வையாளர்களாக வரச் சொன்னாள். ஆளுக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் அருமையான பதிலையும் தயார் செய்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. சோபா ஓர் ஓவியம், ஃபிரிட்ஜ் ஒரு முரசு. முதலில் கீழ்த்தளம், பிறகு மாடி. கேள்விகளும் அதே வரிசை. "உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் யாரோ. ஞாபகம் இருக்கட்டும்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அத்தைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரோன்னு சொல்ல எப்படிடி மனசு வருது உனக்கு," என்றாள்.

இங்கே அந்தக் குழுவின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். வரிசை மாறக்கூடாது. எப்போதோ ஒரு வரவேற்பில் கடைசி நிமிடத்தில் இரண்டு பாட்டுகளை இடம் மாற்றப்போய், பாதிப் பேருக்கு அது தெரியாமல், மணமக்கள் கேக் வெட்டும்போது ஒப்பாரி மாதிரி ஒரு சோகப் பாட்டு கிளம்பிவிட்டது. பெண் வீட்டார் வேன் வரைக்கும் துரத்தினார்கள். அன்றிலிருந்து மேடையே இடிந்து விழுந்தாலும் இரண்டாவதுக்குப் பிறகு மூன்றாவதுதான். டிரம்ஸ்காரர் கட்டைவிரல் மோதிரத்தால் மூன்று தட்டு தட்டினால் அடுத்தது ஆரம்பம். ஒற்றைத் தட்டு என்றால், யாராக இருந்தாலும் எங்கே இருந்தாலும் நிறுத்து. தட்டே வரவில்லை என்றால் மனதுக்குள் ஒரு சுற்றுத் தாளம் போட்டுவிட்டு அவரவரே ஆரம்பித்துவிட வேண்டும். மூளையைக் கேட்காமல் உடம்பே செய்கிற அளவுக்கு இது அவர்களுக்கு ஊறிப்போயிருந்தது.

வாசல் திறந்தது. உள்ளே ஏசிக்காக ஒதுங்கிய ஒரு காதல் ஜோடியும் இருந்தது. ஆக ஆறு பேர். மகள் நீலப் புடவையில், கழுத்தில் அட்டை தொங்க, அப்பாவைப் பார்த்து, "வணக்கம் சார், வாங்க," என்றாள். டிரம்ஸ்காரருக்குச் சுருக்கென்றது.

அப்போது மேடம் வந்தார். நரைத்த கிராப், கையில் ஒரு நோட்டும் பென்சிலும், முகத்தில் எதற்கும் அசையாத ஒரு களை. "கீழ சுவருக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருக்காங்க. கொஞ்சம் காயட்டும். மாடியிலேருந்து ஆரம்பிங்க," என்றார்.

மகளின் முகம் வெளிறியதை டிரம்ஸ்காரர் பார்த்தார். அவள் நால்வரையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம், கேள்விகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்பது. நால்வரும் அதைத் தைரியமாக இரு என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு, புரிந்தது என்று தலையாட்டினார்கள்.

மாடியில் முதலில் இருந்தது முரசு. தண்ணீர்த் தொட்டி அளவுக்குப் பெரிசு, கன்னங்கரேல் என்று இருந்தது. மகள் அதைப் பற்றி அழகாகப் பேசினாள். போருக்குப் போனதை, மழைக்கு அழுததை, ஒரு காலத்தில் அதைத் தூக்க வண்டி வேண்டியிருந்ததை எல்லாம் சொன்னாள். முரசைப் பார்த்தால் டிரம்ஸ்காரரின் கை சும்மா இருக்குமா? அவரை அறியாமல் கைப்பிடிக் கம்பியில் மோதிரம் மூன்று முறை டக் டக் டக் என்றது.

அக்கா நெஞ்சை நிமிர்த்தினாள். "இது பூரா வெள்ளையாவே இருக்கே, இதுல ஓவியர் என்ன சொல்ல வர்றார்?" என்று கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

எல்லோரும் கருப்பு முரசைப் பார்த்தார்கள். காதல் ஜோடியில் பையன், தன் கண்ணில்தான் கோளாறோ என்று கசக்கிக்கொண்டான். மேடத்தின் பென்சில் நின்றது.

மகள் ஒரு மூச்சு எடுத்தாள். அந்த மூச்சு டிரம்ஸ்காரருக்குத் தெரியும். டிரம் உருண்ட அன்றைக்கு எடுத்த அதே மூச்சு.

"நல்லாக் கவனிச்சிருக்கீங்கம்மா," என்றாள். "எல்லாரும் கருப்பு மரத்தைத்தான் பார்ப்பாங்க. தோலுக்கு நடுவுல பாருங்க, வெளுத்திருக்கு. அது யாரும் பூசின வெள்ளை இல்ல. அடிச்சு அடிச்சு வெளுத்தது. எத்தனை பேர் கை பட்டு வந்த வெள்ளையோ, ஒருத்தர் பேரும் நமக்குத் தெரியாது. இந்தக் கட்டடத்துல கையெழுத்துப் போடாத ஓவியம் இதுதான்."

காதல் ஜோடி கிட்டே போய் உற்றுப் பார்த்தது. நடுவில் நிஜமாகவே வெளுத்திருந்தது. மேடத்தின் பென்சில் மறுபடி ஓடியது.

அடுத்தது ஒரு யாழ். தந்தப் பூ பதித்து, தலையில் மயிலைச் செதுக்கி, ஒருவர் தன் ஆயுசையே அதில் கரைத்திருக்கிறார் என்று அட்டை சொன்னது. மகள் பேசப் பேச டிரம்ஸ்காரர் அவளைக் கவனித்தார். மேடையில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அங்கே அவள் வேகமாக, இடைவெளி விழாமல் பேசுவாள். இங்கே நடுநடுவே நிறுத்தினாள், நிறுத்தியபோதும் எல்லோரும் காத்திருந்தார்கள். இவளுக்கு வேலை கிடைத்துவிடும் என்று அவருக்கு அந்தக் கணம் பளிச்சென்று புரிந்தது. மோதிரம் கம்பியில் மூன்று முறை பட்டது.

கை தானாகப் போனது என்று பிறகு வீட்டில் சொன்னார். முதல் தடவை அது உண்மை. இந்தத் தடவை இல்லை. மச்சானின் கேள்வி என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

"இதை ஒரே மத்தியானத்துல யார் வேணும்னாலும் செஞ்சிடலாமே, இதுல என்ன பெரிய கலை இருக்கு?" என்றான் மச்சான், ஒப்பித்து முடித்த நிம்மதியோடு.

காவலாளியே விழித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். மேடத்தின் புருவம் முதல் தடவையாக ஏறியது.

"செய்யலாம் சார்," என்றாள் மகள். "மத்தியானம் செஞ்சது சாயங்காலம் வரைக்கும் தாங்கும். இவர் நம்ம எல்லாருக்கும் அப்புறமும் தாங்கட்டும்னு செஞ்சார். அவசரம் இல்லாத மனுஷன்." ஜோடி சிரித்தது. ஆனால் அவள் குரலின் ஓரம் நடுங்கியதை டிரம்ஸ்காரரின் காது பிடித்துவிட்டது. அவள் கண் மச்சான் பக்கம் போகவே இல்லை. கம்பியின் மேல் இருந்த மோதிரத்தின் மேல்தான் இருந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. டிரம்ஸ்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. பெற்ற பெண்ணின் காலை வாரிவிட மியூசியம் வரைக்கும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மோதிரத்தைத் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். இனி தட்டு இல்லை, கேள்வியும் இல்லை என்று மாடிப்படி இறங்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கீழ்த்தளத்தில் ஈரப் பெயின்ட் வாசனை அடித்தது. எது புதுச்சுவர், எது ஓவியம் என்று மச்சான் குழம்பி, ஒரு விளக்குச் சுவிட்சு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். மகள் எல்லோரையும் ஒரு படத்தின் முன்னால் கூட்டினாள். பழுப்பும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக ஓர் உருவம், ஒரு கண் தாடையில் இருந்தது. கீழே 'ஓவியரின் மனைவி' என்று எழுதியிருந்தது.

டிரம்ஸ்காரரின் மனைவியின் உதடு அசைவதை அவர் அப்போதுதான் பார்த்தார். தட்டு வரவில்லை. அவள் சட்டப்படி மனதுக்குள் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லி ஒற்றைத் தட்டு தட்டலாம் என்றால் விரலில் மோதிரம் இல்லை. அவர் பைக்குள் துழாவுவதற்குள் சுற்று முடிந்துவிட்டது.

"இது எந்த மிருகத்தோட தோல்?" என்று கேட்டாள், பாடகிக்கே உரிய இனிமையோடு.

ஓவியரின் மனைவி தாடைக் கண்ணால் அவளைப் பார்த்தாள். காதல் ஜோடியில் பெண் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான், அது ஈரச் சுவர். மேடம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, இனி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்பது போல நின்றார்.

மகள் சிரித்துவிட்டாள். அறிவிப்பாளர் சிரிப்பு இல்லை, வீட்டில் சிரிக்கிற சிரிப்பு.

"மிருகம் இல்லம்மா, துணி. ஆனா நீங்க கேட்டது சரி. மேல முரசு பார்த்தோம் இல்லையா, அதுல தோலை நாலு பக்கமும் இழுத்துக் கட்டினாத்தான் சத்தம் வரும். இவரும் ஒரு சட்டத்துல துணியை இழுத்துத்தான் கட்டியிருக்கார். தொய்வா இருந்தா ரெண்டுமே பேசாது. அதைத் தட்டினா கேக்கும், இதைப் பார்த்தாக் கேக்கும்." கொஞ்சம் நிறுத்தினாள். "மனைவியை இப்படி வரைஞ்சு வெச்சிட்டு அன்னைக்கு ராத்திரி வீட்டுல என்ன பேச்சுக் கேட்டார்னு மட்டும் எனக்குத் தெரியாது."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அந்த முகத்துக்குப் பழக்கமில்லாத வேலை போலிருக்கிறது, முதலில் இருமல் மாதிரிதான் கேட்டது.

கடைசியாக வெள்ளை ஓவியம். ஒரு சுவர் அகலத்துக்கு வெறும் வெள்ளை. அதற்குத்தான் மகள் மிக அருமையான பதிலைத் தயார் செய்திருந்தாள், அந்தப் பதிலுக்குரிய கேள்வி முரசின் முன்னால் செலவாகிவிட்டது. மிச்சம் இருந்தது டிரம்ஸ்காரரின் கேள்வி மட்டும். இதை இப்போ யாராவது வாசிக்கறாங்களா என்பது அவருக்கு எழுதிக் கொடுத்தது.

"வேற யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று மகள் கேட்டாள். குடும்பம் மொத்தமும் டிரம்ஸ்காரரைப் பார்த்தது. மச்சானின் உதடு அவருக்காகத் தாளம் எண்ண ஆரம்பித்தது.

வரிசைப்படி கேட்டால் இன்னொரு கூத்து. கேட்காவிட்டால் வெள்ளைச் சுவரின் முன்னால் ஓர் அமைதி. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, வரிசையில் இருந்ததை விட்டுவிட்டார்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும்," என்றார். "இங்க யாரும் கை தட்ட மாட்டாங்க போலிருக்கே. பாட்டு இல்ல, லைட்டு இல்ல, தினமும் இதே வெள்ளை. உங்களுக்கு இங்க... ஏக்கமா இருக்காதா?"

மகள் அவரையே பார்த்தாள். தயார் செய்த பதில் எதுவும் இதற்கு இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இருக்கும் சார்," என்றாள். "முதல்ல ரொம்ப இருக்கும். சத்தத்துலயே வளர்ந்தவ நான். ஆனா மேடையில கைதட்டல் வந்ததும் அடுத்த பாட்டு ஆரம்பிச்சுடும், நான் சொன்னது அதுல போயிடும். இங்க அடுத்து ஒண்ணும் வராது. நான் சொன்னதை வெச்சிட்டு அவங்க கொஞ்ச நேரம் இந்த வெள்ளையைப் பார்த்துட்டு நிப்பாங்க. எனக்கு அது வேணும் சார்."

எல்லோரும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கை தட்டவில்லை. அக்கா தட்டப் போனாள், மச்சான் கையைப் பிடித்துக்கொண்டான்.

காதல் ஜோடி போனதும் மேடம் நேராக டிரம்ஸ்காரரிடம் வந்தார்.

"நீங்க மூணு தட்டு தட்டினா அவங்க கேக்கறாங்க. எந்தக் குழு நீங்க?"

பொய் சொல்லிப் பழகாத குடும்பம். "மெல்லிசைக் குழுங்க," என்றாள் அக்கா. "இவ எங்க பொண்ணுதான்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இவ மூக்கையும் உங்க மூக்கையும் பார்த்தப்பவே தெரிஞ்சுது. வெள்ளோட்டத்துக்கு எல்லாரும் சொந்தக்காரங்களைத்தான் கூட்டிட்டு வர்றாங்க, அது பரவாயில்ல. ஆனா இந்த மாதிரி ஒரு சுத்து நான் பார்த்ததில்ல. வந்தவங்க சிரிச்சிட்டே உத்துப் பார்த்தாங்க," என்றார் மேடம். "இதை இப்படியே வெச்சுக்கலாம்னு பார்க்கறேன். ஒவ்வொரு ஞாயிறும் நீங்க நாலு பேரும் வரணும், தப்புத் தப்பாக் கேக்கணும், இவ பதில் சொல்லணும். நிரந்தர நிகழ்ச்சி. சம்பளம் குடுத்துடலாம்."

ஒவ்வொரு ஞாயிறும். டிரம்ஸ்காரரின் காதுக்கு அதைவிட இனிமையான சொல் இந்த வருஷத்தில் வந்து விழவில்லை. மனைவியின் முகம் மலர்ந்தது. மச்சான் ஏற்கெனவே தலையாட்டிக்கொண்டிருந்தான். டிரம்ஸ்காரர் மகளைப் பார்த்தார். அவள் எடுத்த மூச்சு அவருக்குக் கேட்டது. அவர்களுடைய தப்பை மறைப்பதற்கு முன்னால் எடுக்கிற அதே மூச்சு.

மனைவி வாயைத் திறந்தாள். அவர் ஓவியத்தின் முன்னால் இருந்த கம்பியில் விரல் முட்டியால் ஒற்றைத் தட்டு தட்டினார். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"தேதி இல்லைங்க," என்றார்.

"எந்த ஞாயிறும் இல்லையா?"

"எல்லா ஞாயிறும் புக்கிங். ஒரு நாள்கூடக் காலி இல்ல." சொல்லும்போது அவர் குரல் தடுமாறியது, அதற்கு மேல் என்ன சேர்ப்பது என்றும் தெரியவில்லை. மேடம் நம்பாத கண்ணோடு அவரையும், தையல் விட்ட அவர் காலரையும் பார்த்தார்.

அப்போது மகள் முன்னால் வந்தாள்.

"ஆமா மேடம்," என்றாள், மைக் இல்லாமலே மைக் குரலில். "இந்தக் குழுவோட தேதியெல்லாம் நான்தான் பார்க்கறேன். வருஷம் முழுக்க மூச்சு விட நேரமில்ல. இன்னைக்கு இவங்க வந்ததே பெரிசு."

மேடம் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "சரி. அப்போ நீ மட்டும் வா. திங்கட்கிழமை," என்றார்.

மகள் நால்வரையும் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். டிரம்ஸ்காரர் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டப் பார்த்தார், ஏறவில்லை. அவளே வாங்கி, கட்டைவிரலில் திருகித் திருகி ஏற்றிவிட்டாள்.

"வெளிய போற வழி இதுதான் சார்," என்றாள்.

"வரோம்மா," என்று அவர் படியிறங்கினார். வேனில் ஏறியதும் மனைவி, "எந்த ஞாயிறுங்க புக்கிங்?" என்று கேட்டாள். அவர் மியூசியம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். சொல்ல வேண்டியதை அவருக்காகச் சொல்கிறவள் உள்ளே இருந்தாள்.